பெயெர்செபாவுக்குத் திரும்பிப் போனவள்

சான் ஹோசேயில் நாங்கள் முதலில் குடியிருந்த அபார்ட்மென்ட் கட்டடத்தில் துணி துவைக்கும் அறை கீழே, கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் இருந்தது. எண்பத்திரண்டில் நாங்கள் வந்து சேர்ந்தபோது அங்கே வேறு தமிழர் யாரும் இல்லை. கணவர் காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். மூன்று வயது மகளோடு நான் அதிகம் பேசிய இடம் அந்த அறைதான். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று தைரியமாகத் தமிழில் பேசுவேன்.

ஒருநாள் மகள் ட்ரையர் கதவில் கை வைக்கப் போனாள். "தொடாதே, சூடு!" என்று கத்தினேன். பக்கத்தில் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்த பெண் சட்டென்று திரும்பினாள். என் நிறம்தான், என் உயரம்தான். அதுவரை அவளை மெக்சிகோக்காரி என்று நினைத்திருந்தேன். கழுத்தில் சின்னதாக ஆறு முனை நட்சத்திரம் தொங்கியது.

"சூடு," என்றாள் அவள். அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டுப் பார்ப்பதுபோல இன்னொரு தரம் சொன்னாள். பிறகு மலையாளத்தில், ஐந்து வயதுக் குழந்தை பேசுவதுபோலத் தட்டுத்தடுமாறி, "நீ எங்கேருந்து வந்தே?" என்று கேட்டாள்.

எனக்கு ஊர் நாகர்கோவில். அம்மாவின் பக்கம் மார்த்தாண்டம். வீட்டில் பாதி மலையாளம் புழங்கும். அதனால் பதில் சொல்ல முடிந்தது. அவள் விரிப்பைக் கீழே போட்டுவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

அவள் கொச்சியில் பிறந்த யூதப் பெண். ஆறு வயதில் அப்பா அம்மாவோடு இஸ்ரேலுக்குப் போனவள். அவர்களைப் பெயெர்செபாவுக்கு அருகில் பாலைவனத்தில் ஒரு பண்ணைக் கிராமத்தில் குடிவைத்தார்கள். அப்பா சீக்கிரம் இறந்துவிட்டார். அம்மா ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்து வளர்த்தார். பிறகு இவள் நர்ஸ் வேலைக்குப் படித்து, ருமேனியாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் எஞ்சினியர். இருவரும் எங்களுக்கு மூன்று வருடம் முன்பே சான் ஹோசேவுக்கு வந்திருந்தார்கள்.

நான் ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவள். பெயெர்செபா என்றால் எனக்குப் பைபிளில் முற்பிதாக்கள் கிணறு தோண்டிய இடம். அவள் அந்தப் பெயரைச் சொன்னதும் எனக்குப் புல்லரித்தது. "பெயெர்செபாவிலயா இருந்தீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"ஆமா. ஏன்? அங்க பஸ் ஸ்டாண்டு ரொம்ப அழுக்கு," என்றாள்.

என்னைவிட எட்டு வயது மூத்தவள். முதல் நாளே, அக்கா என்ற பொருளில், சேச்சி என்று கூப்பிட்டுவிட்டேன். அவள் கண் கலங்கியது. "என்னை அப்படிக் கூப்பிட இந்த உலகத்துல ஒருத்தன்தான் இருக்கான். என் தம்பி," என்றாள்.

நாங்கள் பேசியது மலையாளம், ஆங்கிலம், என் தமிழ் எல்லாம் கலந்த ஒன்று. இங்கே அதைத் தமிழிலேயே எழுதுகிறேன். அவளுடைய மலையாளம் ஆறு வயதோடு நின்றுபோயிருந்தது. சாப்பாடு, தூக்கம், மழை, அடி, கதை எல்லாவற்றுக்கும் அவளிடம் சொல் உண்டு. வீட்டு வாடகை, கர்ப்பம், வருத்தம் எதற்கும் சொல் இல்லை. அதற்கெல்லாம் ஹீப்ருவிலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ எடுத்துக்கொள்வாள்.

இரண்டு பேரும் சேர்ந்து சமைத்தோம். வியட்நாம்காரர் கடையில் டப்பாவில் தேங்காய்ப் பால் கிடைத்தது. யூதர் வழக்கத்தில் கறியோடு பாலோ தயிரோ சேரக்கூடாது. தேங்காய்ப் பாலுக்கு அந்தத் தடை இல்லை. "அந்தக் காலத்துல கொச்சிக்கு வந்தவங்க தென்னையைப் பார்த்ததும் இனி எங்கயும் போக வேண்டாம்னு முடிவு பண்ணியிருப்பாங்க," என்று சிரிப்பாள். அவள் வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு என் கணவர், "எங்க அம்மா வைக்கிற மாதிரியே இருக்குங்க," என்றார். அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

வருத்தங்களையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். இஸ்ரேலில் பள்ளிக்கூடத்தில் அவளைக் கறுப்பி என்றார்களாம். மாமியார் கல்யாணத்துக்கு வந்து, போட்டோ எடுக்கும்போது மட்டும் எழுந்து போய்விட்டாராம். சான் ஹோசேயில் ஒரு பண்டிகைக்கு ஜெப ஆலயத்துக்குப் போயிருந்தபோது, வெள்ளை முடி வைத்த அம்மையார் ஒருத்தி அவள் கையைப் பிடித்து, "நீ எப்போம்மா நம்ம மதத்துக்கு மாறினே?" என்று கேட்டிருக்கிறாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. அவ நல்ல மனசோடதான் கேட்டா. அதுதான் கஷ்டம். கெட்ட மனசோட கேட்டிருந்தா நல்லாத் திருப்பிக் கொடுத்திருப்பேன்."

அதற்குப் பிறகு அவள் அந்த ஆலயத்துக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை மாலை வீட்டிலேயே இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவாள்.

தம்பியைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் வேறு ஆளாகிவிடுவாள். அவளுக்குப் பதினொரு வயதாகும்போது அங்கே பாலைவனத்தில் பிறந்தவன். அம்மா தோட்டத்துக்குப் போய்விட, இவள்தான் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். கட்டாய ராணுவச் சேவை முடித்துவிட்டு அம்மாவோடு ரோஜா வளர்த்துக்கொண்டிருந்தான். மாதத்துக்கு ஒரு தரம் அவள் கிராமத்துக்குப் போன் போடுவாள். ஒருமுறை என்னையும் அவனோடு பேசவைத்தாள். அவனுக்குத் தெரிந்த மலையாளம் அவ்வளவையும் ஒரே மூச்சில் ஒப்பித்தான். "சேச்சி, சோறு, மீன், போடா, உறங்கு!" பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். பின்னால் அவன் அம்மா ஏதோ திட்டுவது கேட்டது.

எண்பத்துமூன்றில் அவள் கர்ப்பமானாள். அதற்கு முன்பு இரண்டு முறை கலைந்துபோயிருந்தது. ஆறாம் மாதம் முடியும்போது இரத்தம் பட ஆரம்பித்தது. டாக்டர் படுக்கையைவிட்டு எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். நான் காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு மேல்மாடியில் இருந்த அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். மகள் தரையில் உட்கார்ந்து கிறுக்குவாள். நாங்கள் பிறக்கப்போகும் குழந்தைக்குப் பெயர் தேடுவோம். அவள் டிவியில் லெபனான் செய்தி வந்தால் உடனே அணைக்கச் சொல்வாள். இஸ்ரேலில் சேவை முடித்தவர்களையும் வருடத்தில் சில வாரங்கள் திரும்பக் கூப்பிடுவார்கள். அவள் தம்பியைக் கூப்பிட்டு லெபனானுக்கு அனுப்பியிருந்தார்கள்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். நான் மேலே போகக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. அவளுடைய கணவர் நின்றார். ஆபீஸ் அடையாள அட்டை சட்டையிலேயே இருந்தது.

"நீ என்கூட வரணும்," என்றார். "எனக்குத் தனியாப் போக முடியலை."

கிராமத்திலிருந்து அவளுடைய சித்தப்பா ஆபீசுக்குப் போன் பண்ணியிருந்தார். ரோட்டில் வைத்த குண்டு. வண்டியில் இருந்து செத்தவர்களில் அவள் தம்பியும் ஒருவன்.

நாங்கள் உள்ளே போனபோது அவள் தலையணையில் சாய்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கணவரை அந்த நேரத்தில் பார்த்ததும் உரிப்பது நின்றது. அவர் கட்டிலோரம் மண்டியிட்டு ஹீப்ருவில் ஏதோ சொன்னார். இரண்டே வாக்கியம். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். ஆரஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு, கட்டிலிலிருந்து இறங்கி, அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்தாள்.

"என்ன பண்றே?" என்று கணவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"அம்மா தனியா இருக்கா."

"டாக்டர் எழுந்திருக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்கார். ஃப்ளைட்ல எப்படிப் போவே?"

அவள் துணிகளை எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். அவர் டாக்டருக்குப் போன் பண்ணி ரிசீவரை அவள் காதில் வைத்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்டு முடித்ததும் அவளே கிராமத்துக்குப் போன் போட்டாள். நீண்ட நேரம் கழித்து அவள் அம்மா பேசினார். அவர் சொன்னது அறை முழுவதும் கேட்டது. ஒரே ஒரு சொல்.

"வா."

அவ்வளவுதான் சொன்னார். இவள் மலையாளத்தில் என்னென்னவோ சொல்லப் பார்த்தாள். இரத்தம், டாக்டர், குழந்தை. இரத்தத்துக்கும் குழந்தைக்கும் அவளிடம் சொல் இருந்தது. ஏன் வர முடியாது என்பதற்குத்தான் இல்லை. போனை வைத்துவிட்டுப் பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

கணவர் மெதுவாகச் சொன்னார். "நாளைக்கு மத்தியானம் அடக்கம். நீ இப்பவே கிளம்பினாலும் அதுக்குள்ள போய்ச் சேர முடியாது. குழந்தையும் போயிடும்."

அவள் போகவில்லை.

அடக்கம் முடிந்த செய்தி வந்ததும் அந்த வீட்டில் யூதர் வழக்கப்படி துக்கம் காக்க உட்கார்ந்தார்கள். ஏழு நாள் தரையில்தான் இருக்க வேண்டும். டாக்டர் சொன்னதையும் மீறாமல் கணவர் மெத்தையைத் தரையில் இறக்கிப் போட்டார். நானும் அவரும் கண்ணாடிகளைத் துணி போட்டு மூடினோம். அவள் சட்டைக் கழுத்தில் ஒரு கிழிசல் போட்டுக்கொண்டாள். முதல் சாப்பாடு வெளியாள் கையால்தான் வர வேண்டுமாம். எங்கள் ஊரிலும் சாவு வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீட்டிலிருந்துதான் சாப்பாடு வரும். அதனால் எனக்கு எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவள் பாத்திரத்திலேயே முட்டை அவித்து, பருப்பு வைத்துக் கொடுத்தேன்.

"சேச்சி, ஒரு வாய் சாப்பிடுங்க," என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இனிமே என்னை அப்படிக் கூப்பிடாதே மோளே."

அதன் பிறகு நான் அவளை எந்தச் சொல்லாலும் கூப்பிட்டதில்லை. பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் பேச ஆரம்பிப்பேன்.

முதல் நாள் சாயங்காலம், தம்பிக்காகக் கதீஷ் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். இறந்தவருக்காக நின்றுகொண்டு சொல்லும் ஜெபம் அது. அதற்குப் பத்து யூத ஆண்கள் இருந்தாக வேண்டும். கணவருக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் தெரிந்த இஸ்ரேல்காரர்கள் எல்லோருக்கும் போன் பண்ணினார். ஆபீசிலிருந்து அப்படியே வந்தார்கள். அவரோடு சேர்த்து ஒன்பது பேர். ஜெப ஆலயத்துக்கும் போன் பண்ணினார். முயற்சி செய்கிறோம் என்றார்களே தவிர, அன்று யாரும் வரவில்லை.

என் கணவரும் வேலை முடித்து நேராக அங்கே வந்திருந்தார். ஒன்பது பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் ஓரத்தில் நின்றுகொண்டு என்னிடம் கேட்டார்.

"எத்தனை பேர் வேணுமாம்?"

"பத்து."

அவர் கண்ணால் எண்ணிப் பார்த்தார். அவரையும் சேர்த்தால் பத்து. அவளுடைய கணவரிடம் போய், "நான் நின்னா ஆகாதா?" என்று கேட்டார். அவர் இவர் தோளில் கை வைத்தார். "நில்லு. ஆனா நீ கணக்குல சேர மாட்டே, மை ஃப்ரெண்ட்," என்றார்.

வந்தவர்களில் இளைஞன் ஒருவன், "சொல்லிடலாமே. யார் பார்க்கப் போறா?" என்றான். இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள்.

தரையிலிருந்து அவள் பேசினாள். முதலில் ஹீப்ருவில், பிறகு எனக்காக ஆங்கிலத்தில். "எங்க பெரியப்பா ஒருத்தர் கொச்சியிலயே தங்கிட்டார். எல்லாரும் கப்பல் ஏறின பிறகு அவருக்குப் பத்துப் பேர் கிடைக்கலை. பெரியம்மா செத்தப்போகூட அவர் கதீஷ் சொல்லலை. அவர் சொல்லாததை நான் சொல்ல வைக்க மாட்டேன்."

கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் ஜெப ஆலயத்திலிருந்து கூட்டமாக வந்தார்கள். உட்கார இடமில்லாமல் வராந்தாவரை நின்றார்கள். மதம் மாறினாயா என்று கேட்ட அந்த அம்மையாரும் வந்திருந்தாள். அவள் இவளை அடையாளம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. ஆண்கள் எழுந்து நின்றார்கள். அவளுடைய கணவர் ஒரு தாளைப் பார்த்து, தடுமாறித் தடுமாறி ஜெபத்தைச் சொல்ல, மற்றவர்கள் நடுநடுவே ஆமென் என்றார்கள். ஆமென் என்ற சொல் வந்தபோதெல்லாம் என் கணவரும் சேர்ந்து சொன்னார். அது எங்களுக்குத் தெரிந்த சொல்தானே.

அது முடிந்ததும் அவள் பேச ஆரம்பித்தாள். அழுகை இல்லை. மெல்லிய குரலில், நிறுத்தாமல், மலையாளத்தில். அந்த வீட்டில் அத்தனை பேர் இருந்தும் அது அவர்களில் ஒருவருக்கும் புரியவில்லை. அவள் கணவருக்கும் புரியவில்லை. ஹீப்ருவில் ஏதோ கேட்டுப் பார்த்தார். அவள் மலையாளத்திலேயே தொடர்ந்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்ன சொல்கிறாள்?" என்று அந்த வெள்ளை முடி அம்மையார் என்னிடம் கேட்டாள்.

அவள் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான். வெயிலில் போகாதே. செருப்புப் போட்டுக்கொள். பூவைத் தொடாதே, முள் இருக்கிறது. அம்மா வருகிறவரை அழாதே, நான் சோறு தருகிறேன். வா, இடுப்பில் ஏறிக்கொள். அவளுக்குத் தெரிந்த மலையாளம் அவ்வளவையும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தம்பியோடு பேசுகிறாள்," என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மையார் அங்கேயே தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

குழந்தை நாளுக்கு முன்பே பிறந்தது. பெண் குழந்தை. சில வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு நல்லபடியாக வீட்டுக்கு வந்தது. நான் தூக்கிப் பார்த்தேன். கை கால் எல்லாம் என் விரல் கனம்தான் இருந்தது. ஆனால் அழுகை மட்டும் கட்டடம் முழுக்கக் கேட்டது.

அவள் அம்மாவுக்குப் போன் போட்டபோதெல்லாம் சித்தப்பாதான் பேசினார். அம்மா தோட்டத்தில் இருக்கிறார் என்பார், தூங்குகிறார் என்பார். ஒருநாள் அவள் போனை வைத்துவிட்டு, "நாங்க திரும்பிப் போறோம்," என்றாள்.

அவளுடைய கணவருக்கு அதில் இஷ்டமில்லை. அவர் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து என் கணவரிடம் சொன்னார். "நான் எதுக்கு அங்கேருந்து வந்தேன்? வருஷா வருஷம் கூப்பிடறாங்கன்னுதான். போனா என்னையும் லெபனானுக்கு அனுப்புவாங்க. அவகிட்ட சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"தெரியும்னா."

காபியைக் குடிக்காமலேயே எழுந்து போனார். ஆனாலும் அவளைத் தனியாக அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. எண்பத்துநான்கு வசந்தத்தில் இருவரும் குழந்தையோடு கிளம்பினார்கள். சான் பிரான்சிஸ்கோ ஏர்போர்ட் வரை நாங்கள்தான் காரில் கொண்டுவிட்டோம். அவள் வழி முழுவதும் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கணவர்தான் கதவருகே நின்று கை காட்டினார்.

அதன் பிறகு நான் அவளோடு போனில் சில முறை பேசினேன். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ பேசியபோது அவளுடைய மலையாளம் நன்றாகத் தேறியிருந்தது. அதைச் சொன்னேன்.

"கேட்டுக் கேட்டுத்தான்," என்றாள். "அம்மா நாள் முழுக்கப் பேசிக்கிட்டே இருக்கா. குழந்தைகிட்ட. குளிப்பாட்டும்போது, தூங்க வைக்கும்போது, எப்பவும். நான் அடுத்த அறையில நின்னு கேப்பேன்."

"உங்ககிட்ட?"

"என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை. வந்த நாள்லேருந்து. எனக்குச் சோறு போட்டு வைக்கிறா. என் துணியைத் துவைச்சு மடிச்சு வைக்கிறா. முகத்தைப் பார்க்க மாட்டேங்கிறா."

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் அவங்ககிட்ட பேசறேன். கொடுங்க," என்றேன்.

வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. கடைசியில் கொடுத்தாள். இழுத்து இழுத்து வந்த மூச்சுதான் முதலில் கேட்டது. நான் யார் என்று சொன்னேன். அவர் மகள் அன்று பெட்டியை எடுத்து வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். வந்திருந்தால் இந்தக் குழந்தை இருந்திருக்காது, அதற்காக மகளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் கெஞ்சினேன்.

அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார். "எனக்குத் தெரியும் மோளே. எல்லாம் தெரியும். எனக்கு அவமேல கோபம் ஒண்ணும் இல்லை. அவனுக்கும் இவளுக்கும் ஒரே முகம். அவனை மூடித்தான் கொண்டுவந்தாங்க, என்னைப் பார்க்க விடலை. இவளை எப்படிப் பார்ப்பேன்? வாயைத் திறந்தா இவகிட்ட அவன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன்."

ரிசீவர் மறுபடி கை மாறியது.

"அம்மா என்ன சொன்னா?" என்று அவள் கேட்டாள்.

அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். பின்னால் குழந்தை ஏதோ மழலை பேசுவதும், அந்த அம்மா அதற்குப் பதில் சொல்வதும் கேட்டன. "சரி மோளே," என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

அடுத்த வருடம் அவள் கணவரைக் கூப்பிட்டார்கள், போய்விட்டு முழு ஆளாகத் திரும்பி வந்தார் என்று அவருடைய பழைய ஆபீஸ் நண்பர் மூலம் கேள்விப்பட்டோம். பிறகு நாங்கள் சான் ரமோன் பக்கம் வீடு வாங்கிப் போனோம். புது நம்பரைச் சொல்ல அவள் கிராமத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு நாள் எடுத்தவர் ஹீப்ருவில் மட்டும் பேசினார். நான் மலையாளத்தில் கேட்டேன், ஆங்கிலத்தில் கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மன்னிப்புக் கேட்கும் குரலில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த அம்மா மகளோடு பேசினாரா என்பது எனக்குத் தெரியாமலேயே போய்விட்டது.